தோளில் இருந்த கை

"பின்னுக்கு இருக்கிறத எல்லாம் எடுத்துப்போட்டு, நம்ம தேயிலத் தோட்டத்தக் கலரா வைங்க தம்பி." ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை ஸ்டுடியோவில் என்னிடம் கொடுத்து அந்த அம்மா சொன்னது இவ்வளவுதான். ஆளையும் கலராக்கட்டுமா என்று கேட்டேன். "வேணாம். அவரு இருந்தபடியே இருக்கட்டும்."

இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 1964இல். அதற்குப் பிறகு கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாகக் கோத்தகிரி வந்து சேர்ந்த குடும்பம். படம் இலங்கையில் எடுத்தது. ஏதோ விண்ணப்பத்தில் ஒட்டுவதற்காக யாரோ கத்தரியால் வெட்டியிருந்தார்கள். வீட்டுக்காரர் மட்டும் மிச்சம். அவர் தோளில் வேறு யாருடைய கையோ, மணிக்கட்டோடு நின்றது.

600 டிபிஐயில் ஸ்கேன் செய்தேன். கிரேஸ்கேல், அதாவது கறுப்பு வெள்ளை ஃபைலில் கலர் படத்தை ஒட்டினால் அதுவும் சாம்பலாகிவிடும். முதலில் ஆர்ஜிபி என்ற கலர் முறைக்கு மாற்ற வேண்டும். மாற்றினாலும் ஆள் கறுப்பு வெள்ளையாகவேதான் இருப்பார். முடி ஓரத்துக்கே ஒரு மணி நேரம் ஆனது. முகத்தில் வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழுந்தது, என் தோட்டப் படத்தில் வலப்பக்கம். அதனால் தோட்டத்தை, பின்னால் தெரிந்த மலையோடு சேர்த்து, இடம் வலமாகப் புரட்டினேன்.

பிறகு அந்தக் கை. முந்நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான்கு விரல்கள் சட்டையை அழுத்திப் பிடித்திருந்தன, துணி மடிந்திருந்தது. நகக்கண்ணெல்லாம் கறை. பார்த்துவிட்டுத்தான் அழித்தேன். படத்தின்மேல் தனி அடுக்காக ஒரு புது லேயர் போட்டு, ஓரிடத்தை நகலெடுத்து இன்னோரிடத்தில் பூசும் குளோன் ஸ்டாம்ப் வைத்து, பக்கத்துத் துணியை எடுத்து மூடினேன். மடிப்பையும் நீவிவிட்டேன். சுத்தமாக வந்தது.

பிரேம் போட்டுக் கொடுத்தபோது நெடுநேரம் பார்த்தார்.

"கை எங்க தம்பி?"

"எந்தக் கைம்மா?"

அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. எந்தக் கை என்று எனக்குத் தெரியும். தெரிந்தே கேட்டேன். அவர் கண்ணாடிமேல் விரலை வைத்துத் தோளைக் காட்டினார். "எங்க அண்ணன். அவரு வரல்ல, அங்கயே நின்னுட்டாரு."

அந்த லேயரைக் காட்டும் கண் குறியை அணைத்தால் கை வந்துவிடும், ஆளை வெட்டியெடுத்த மாஸ்க்கில் மணிக்கட்டு ஓரத்தைச் சரிசெய்தால் போதும். அரை மணி நேர வேலை. ஆனால் பச்சைத் தோட்டத்துக்கு முன்னால் ஆளில்லாத கை தொங்கினால் நன்றாக இருக்காது என்று சொன்னேன். அப்போது அது தொழில் தெரிந்தவன் பேச்சாகவே எனக்குப் பட்டது. "நல்லாத்தான் இருக்கு, விடுங்க" என்று காசைக் கொடுத்துவிட்டுப் போனார். மலையைப் புரட்டியதை அவர் கேட்கவே இல்லை.

கேட்டதைச் செய்து கொடுத்திருக்கிறாய், அப்புறமென்ன என்றார் ஸ்டுடியோ அண்ணன். அதுவும் சரிதான். பின்னால் இருப்பதை எல்லாம் எடுக்கச் சொன்னவர் அவர்தானே. ஆனால் கை பின்னால் இருக்கவில்லை. தோளின்மேல் இருந்தது.

இப்போதெல்லாம் எதை அழிப்பதென்றாலும் கேட்டுவிட்டுத்தான் அழிக்கிறேன். அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். போன வாரம் ஒரு பழைய கல்யாணப் படத்தில், ஓரத்தில் பாதி தெரிந்த ஒரு பையனைக் கேட்காமலே எடுத்துவிட்டேன். யாரும் தேடவில்லை.

ஒன்றரை வருடமாகிறது. அந்த ஃபைலை இன்னும் வைத்திருக்கிறேன். கையோடு ஒரு பிரிண்ட் போட்டுக் கொடுக்கலாம். கேட்காமல் கொண்டுபோய் நின்றால் ஆறிய மனதைக் கிளறியது போலாகுமோ என்றும் இருக்கிறது. அவர் நம்பர் பில் புத்தகத்தில் இருக்கும். அந்தப் புத்தகம் தீர்ந்து, பரணில் ஏறிவிட்டது.