பதிவேட்டில் வராத மணிநேரம்

கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் பக்கம் ஒரு தையல் யூனிட்டில் சூப்பர்வைசராக இருக்கிறேன். போன ஏப்ரலில் உற்பத்தி இறங்கியது. வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் லீவு அதிகமில்லை. வந்து உட்கார்ந்தும் வேலை ஓடாத நேரம் எவ்வளவு என்று தெரிந்தாக வேண்டும்.

உடம்பு முடியாததால் வேலை எவ்வளவு கெடுகிறது என்று அளக்க 1993-இல் வெளியான டபிள்யூ.பி.ஏ.ஐ. (WPAI) என்ற கேள்வித்தாள் கைகொடுத்தது. கடந்த ஏழு நாளில் உடம்பு முடியாமல் எத்தனை மணி நேரம் போனது, எத்தனை மணி நேரம் வேலை பார்த்தீர்கள், பார்த்த நேரத்தில் உடம்பு எவ்வளவு தடுத்தது என்று கேட்கும். கடைசிக் கேள்விக்கு 0 முதல் 10 வரை ஓர் எண் சொல்ல வேண்டும்.

முதல் தடவை பெயர் எழுதச் சொல்லிவிட்டேன். அது தப்பு. சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் 0 போட்டார்கள். அடுத்த வாரம் பெயரில்லாத சீட்டு, பிஸ்கட் டப்பா. அப்போதும் ஓர் அக்கா பேனாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"நல்லா இருக்கற நாள்ல பத்து காலர் தைக்கற நேரத்துல, கழுத்து வலியால எத்தனை குறையுதுக்கா?"

"மூணு குறையும்மா."

வாரம் 48 மணி நேரத்தில் அவர் வராதது 6. மீதி 42-இல் பத்துக்கு மூன்று, அதாவது 12.6. மொத்தம் 18.6 மணி நேரம், கிட்டத்தட்ட 39 சதவீதம். பதிவேடு காட்டியது அந்த 6 மட்டும்தான். மனசு கனத்துப்போனது.

அப்புறம் தகரக் கூரைச் சூடு, வெளிச்சம், ஸ்டூல் பற்றித் தனியாகக் கேட்டேன். சூட்டுக்கு 4 என்றார் அதே அக்கா. மூன்றையும் நான்கையும் கூட்டி 7 என்று எழுதப் போனேன். ஆனால் கழுத்து வலித்த அதே மணி நேரத்தில்தானே வேர்த்தும் கொட்டியது? கூட்டினால் ஒரே நேரத்தை இரண்டு முறை எண்ணியதாகிவிடும். "ரெண்டும் சேர்ந்து எத்தனைக்கா?" என்று கேட்டதற்கு 5 என்றார். அதையே எடுத்துக்கொண்டேன்.

முழங்கால் வலி என்று பலர் எழுதியிருந்தார்கள். நம் பக்கத்து நிலத்தடி நீரில் எலும்பையும் மூட்டையும் பாதிக்கும் ஃப்ளோரைடு அதிகம், ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். வலி தண்ணீரால் வந்ததா, ஸ்டூலால் வந்ததா என்பதை இந்தத் தாள் சொல்லாது. அதற்கு டாக்டர்தான் பார்க்க வேண்டும்.

மே மாதம் கூரைக்கு வெள்ளை அடித்தோம். ஜூனில் மறுபடி டப்பாவை வைத்தபோது சூட்டுக்கான எண்கள் இறங்கியிருந்தன. நடுவில் மழையும் பெய்தது, அதனால் முழுப் பெருமையையும் கூரைக்குத் தர மாட்டேன். கழுத்துக்கான எண்கள் அசையவே இல்லை. முதுகு சாய்கிற நாற்காலி கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.