அண்ணாந்து விழுங்காதீர்கள், குனிந்து விழுங்குங்கள்

மீன் எண்ணெய், வைட்டமின் ஈ மாதிரி மென்மையான ஜெலட்டின் காப்ஸ்யூல்களை விழுங்கச் சிரமப்படுபவர்கள் பெரும்பாலும் செய்வது ஒன்றுதான்: காப்ஸ்யூலை வாயில் போட்டு, ஒரு மடக்குத் தண்ணீர் ஊற்றி, அண்ணாந்து பார்ப்பது. சாதாரண மாத்திரை கனமானது, அது மூழ்கிவிடும். காப்ஸ்யூல் பெரும்பாலும் மிதக்கும். அண்ணாந்தால் தண்ணீர் தொண்டைக்குப் போகும், காப்ஸ்யூல் மட்டும் பல்லுக்குப் பின்னால் மேலே வந்து நிற்கும். அதனால் தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு, முகவாயை நெஞ்சை நோக்கித் தாழ்த்தி, குனிந்தபடியே விழுங்க வேண்டும், அப்போது காப்ஸ்யூல் தானாகத் தொண்டைப் பக்கம் மிதந்து போகும். ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் இதைச் சோதித்துப் பார்த்து, பெரும்பாலானவர்களுக்கு இப்படி விழுங்குவது எளிதாக இருக்கிறது என்று எழுதினார்கள்.

அதற்கு முன்னால் வெறும் தண்ணீரை ஒரு வாய் குடித்துத் தொண்டையை நனைத்துக்கொள்ளுங்கள். ஜெலட்டின் ஈரம் பட்டதும் பிசுபிசுக்கும் பொருள், வறண்ட தொண்டையில் அப்படியே ஒட்டிக்கொள்ளும். விழுங்கிய பிறகும் ஒரு டம்ளர் தண்ணீர் முழுசாகக் குடிக்க வேண்டும், உடனே படுக்கக் கூடாது. சில மருந்துகள் உணவுக்குழாயில் தங்கினால் புண்ணே வந்துவிடும், டாக்ஸிசைக்ளின் என்கிற ஆன்டிபயாடிக் காப்ஸ்யூல் இதற்குப் பேர் போனது.

சரி, உள்ளே போனது கரைகிறதா? இரண்டு டம்ளர் எடுத்து, ஒன்றில் குளிர்ந்த நீர், இன்னொன்றில் உடல் சூட்டுக்கு வெதுவெதுப்பான நீர் வைத்து ஒவ்வொன்றிலும் ஒரு காப்ஸ்யூல் போட்டுப் பாருங்கள். குளிர்ந்த நீரில் உறை ஊறிப் பருத்து வழுவழுப்பாகும், அவ்வளவுதான். வெதுவெதுப்பான நீரில் கொஞ்ச நேரத்தில் உறை இளகி, ஒட்டிய ஓரம் எங்கேயாவது விட்டுப்போய், எண்ணெய் மேலே வந்து நிற்கும். ஆனால் இதற்காகச் சூடான காபியோடு விழுங்கப் போகாதீர்கள், வாயிலேயே இளகி ஒட்டும். அறைச் சூட்டுத் தண்ணீரே போதும், மிச்சத்தை வயிறு பார்த்துக்கொள்ளும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது பழைய பாட்டில்கள்தான். வெப்பம், ஈரப்பதம், வெளிச்சம், உள்ளே கெட்டுப்போகும் எண்ணெயிலிருந்து வரும் ஆல்டிஹைடுகள் என்கிற வேதிப்பொருள்கள், இவையெல்லாம் சேர்ந்து ஜெலட்டின் இழைகளை ஒன்றோடொன்று பின்னிவிடும், உறையின்மேல் கரையாத ஒரு மெல்லிய தோல் உருவாகும். மருந்துத் தரச் சோதனைகளில்கூட இப்படிப்பட்ட காப்ஸ்யூல் கரையவில்லை என்றால் பெப்சின் போன்ற செரிமான என்சைமைச் சேர்த்து மறுபடி பார்க்க அனுமதி உண்டு, வயிற்றில் அது இருக்கிறதே! இருந்தாலும் குளியலறை அலமாரியில் வைக்காதீர்கள், மூடியை இறுக்கி மூடுங்கள். ஒன்றோடொன்று கட்டியாக ஒட்டிப்போனதையும், திறந்தால் மக்கிய நாற்றம் அடிப்பதையும் தூக்கிப் போட்டுவிடலாம்.

அப்புறம், உறை கரைவது வேறு, உள்ளே இருப்பது உடலில் சேர்வது வேறு. ஏ, டி, ஈ, கே எல்லாமே கொழுப்பில் கரைகிற வைட்டமின்கள், ஆகவே கொஞ்சம் கொழுப்பு உள்ள சாப்பாட்டோடு எடுத்தால்தான் நன்றாக உறிஞ்சப்படும். மீன் எண்ணெய் ஏப்பம் வருகிறது என்பவர்களுக்கும் வெறும் வயிற்றைவிடச் சாப்பாட்டோடு எடுப்பது பரவாயில்லாமல் இருக்கும்.

எப்படியும் விழுங்க முடியவில்லை என்றால் கடித்தோ குத்தியோ பார்க்கலாமா? வெறும் மீன் எண்ணெய் என்றால் நாற்றத்தைத் தாங்கினால் போதும். மருத்துவர் எழுதிக்கொடுத்த காப்ஸ்யூல் என்றால் வேண்டவே வேண்டாம். இருமலுக்குத் தரும் பென்சோனடேட்டைக் கடித்தால் வாயும் தொண்டையும் மரத்துப்போய்ப் புரை ஏறும், ஆபத்து. அதே மருந்து திரவமாகக் கிடைக்கிறதா என்று மருந்தாளுநரைக் கேளுங்கள், பல மருந்துகளுக்குக் கிடைக்கும்.