கழுகு வந்த குன்றின் மேல்

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிறவர்கள் பலரும் திருக்கழுக்குன்றத்து மலைக்கோயிலைப் பஸ் ஜன்னல் வழியாகவே கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான். இந்த முறை அம்மா, "கால்ல தெம்பு இருக்கும்போதே மேல போய் அவரைப் பார்த்துடணும்பா" என்றார். விடியற்காலையிலேயே அடிவாரத்துக்குப் போய்விட்டோம்.

மொத்தம் 565 படிகள். எண்ணிக்கையைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், மலை ஏறத்தாழ 500 அடி உயரம்தான். கல் சூடாவதற்குள் தொடங்கி, அங்கங்கே உட்கார்ந்து எழுந்தால் பெரியவர்களும் ஏறிவிடலாம். அம்மாவுக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

நான்கு வேதங்களே பாறைகளாக நிற்பதால் இது வேதகிரி என்பது ஐதிகம். உச்சியில் சுயம்புவாக வேதகிரீஸ்வரர். மூவரும் மாணிக்கவாசகரும் பாடிய தலம். தீபாராதனையின் போது அம்மா கையைக் கூப்பியபடி அப்படியே நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்களும் அவசரப்படுத்தவில்லை.

வெளியே வந்து எட்டிப் பார்த்தால், கீழே பக்தவத்சலேஸ்வரரின் தாழக்கோயில். தரையில் நின்றால் ஒரு நேரத்தில் ஒரு கோபுரம்தான் கண்ணை நிறைக்கும். இங்கிருந்து நான்கு கோபுரங்களும், நடுவே பிராகாரமும், கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி ஒரே பார்வையில் அடங்கிவிடுகின்றன. அப்புறம் சங்கு தீர்த்தம். 12 வருஷத்துக்கு ஒரு முறை சங்கு பிறக்கும் குளம். காற்று தொட்ட இடமெல்லாம் தண்ணீர் சுருங்கி விரிந்தது. இந்தக் காட்சிக்காகவே இன்னொரு முறை ஏறுவேன்.

சிறுமியாக இருந்தபோது அம்மா இங்கே கழுகு பார்த்திருக்கிறார். உச்சிவேளையில் வெள்ளை வெளேரென்று இரண்டு பறவைகள் வந்திறங்குமாம். மஞ்சள் முகம், சிறகோரத்தில் கறுப்பு. அர்ச்சகர் நீட்டும் சர்க்கரைப் பொங்கலைத் தின்றுவிட்டு, அலகைப் பாறையில் இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று தேய்த்துவிட்டுப் பறக்குமாம். சாபம் பெற்ற முனிவர்கள் என்று நம்பித்தான் ஊரே கும்பிட்டது. பல வருஷங்களாக அவை வருவதில்லை. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற பறவைகளின் உடம்பிலும் சேர்ந்து, நாடு முழுக்கப் பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகு இனமே அழிந்துகொண்டிருந்தது. 2006-இல்தான் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். நினைத்தாலே மனசு கனக்கிறது.

இறங்க வேறு வழி. அந்த வழியில் பல்லவர் குடைந்த ஒருகல் மண்டபத்தைத் தவறவிடாதீர்கள். உள்ளே நல்ல குளிர்ச்சி. 17-ஆம் நூற்றாண்டில் வந்த டச்சுக்காரர்கள் தங்கள் பெயர்களைக் கல்லில் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். அம்மாவிடம் காட்டினேன். கிட்டப் போய் உற்றுப் பார்த்தார்.

"எங்கேயிருந்தோ வந்து ஏறியிருக்காங்க பாரு. இவங்களுக்கும் அந்தப் பறவைங்க தரிசனம் கொடுத்திருக்கும், இல்ல?"

"கொடுத்திருக்கும்மா" என்றேன்.