ஐந்து நாள் அவகாசம்

முதல் தடவை கூப்பிட்டபோது அவர் பெயரைச் சொல்லவில்லை. 2023 மார்ச் மாதம், மதியச் சாப்பாட்டு நேரம். "பிள்ளை, இத்தாலியிலை வரி கட்டாத ஆள் பிளேனிலை வந்து இறங்கினால் பிடிப்பினமோ?" என்றுதான் கேட்டார். இந்த மாதிரிப் பாக்கிக்கெல்லாம் யாரும் விமான நிலையத்தில் பிடிக்கமாட்டார்கள் அண்ணை என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "பத்து வருசமா நான் அந்தப் பக்கம் வரேல்லை" என்றார்.

சிசிலித் தீவின் பலெர்மோ நகரத்தில் ஒரு கொமெர்ச்சாலிஸ்தாவின், அதாவது வரிக் கணக்காளரின், அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வரிக் கணக்கு, கடைப் பதிவு, சம்பளப் பத்திரம், ஓய்வூதியக் கடிதம் என்று எல்லாம் அங்கே வரும். இந்த நகரத்தில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர். பல்லாரோ சந்தையைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்தால் தமிழ் காதில் விழாமல் போகாது. தமிழில் பேச ஆள் வேண்டும் என்றுதான் என்னைச் சேர்த்தார்கள். ஆனால் சில வருடங்களாக நான் அதிகம் பேசுவது இங்கே இருப்பவர்களோடு இல்லை. இத்தாலியக் குடியுரிமை எடுத்துப் பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காக இங்கிலாந்து போனவர்களோடுதான். அவர்கள் போய்விட்டார்கள். அவர்களுடைய கோதிச்சே ஃபிஸ்காலே, அந்தப் பதினாறு எழுத்து வரி எண், இங்கேயே இருக்கிறது.

இந்த அண்ணையும் அப்படித்தான். தொண்ணூறுகளில் வந்து வருடக்கணக்காக வீட்டு வேலை செய்து, 2006இல் ஒரு சின்ன மளிகைக் கடை போட்டார். 2013இல் குடும்பத்தோடு இங்கிலாந்து போனார். போகும்போது கடையை ஒரு தெரிந்தவரிடம் விட்டுத் திறப்பைக் கொடுத்தார். கடை கைமாறியதோடு தன் கணக்கும் முடிந்துவிட்டது என்று நினைத்தார். பார்த்தீத்தா ஈவா என்கிற வியாபார வரி எண்ணை மூடவில்லை. வர்த்தகச் சபைப் பதிவேட்டிலிருந்து பெயரை எடுக்கவில்லை. இன்ப்ஸ் என்கிற சமூகக் காப்பு நிறுவனத்துக்கும் அறிவிக்கவில்லை.

இங்கே பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். இத்தாலியில் கடைக்காரர் என்று பதிவு இருந்தால், லாபம் வந்தாலும் வராவிட்டாலும் ஒரு குறைந்தபட்சச் சமூகக் காப்புப் பணம் கட்டியாக வேண்டும். வருடத்துக்கு நான்கு தவணை: மே, ஓகஸ்ட், நவம்பர், அடுத்த பெப்ரவரி. 2015இல் அது வருடத்துக்கு 3,500 யூரோவைத் தாண்டியிருந்தது. அண்ணை லண்டனில் இரவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், பலெர்மோவில் இல்லாத ஒரு கடைக்கு மூன்றரை வருடம் இந்தக் கணக்கு ஓடியிருக்கிறது.

கடிதம் வரவில்லையே என்று கேட்பார்கள். வந்தது, ஆனால் பழைய முகவரிக்கு வந்தது. வெளிநாடு போகிற இத்தாலியக் குடிமக்கள் ஆயிரே என்ற பதிவேட்டில் பதிய வேண்டும், அதைத் தூதரகம் மூலம் செய்யலாம். அவர் பதியவில்லை, ஆகவே அரசின் கண்ணுக்கு அவர் இன்னும் அந்தப் பழைய வீட்டில்தான். பதிவுத் தபால் வருகிறது, ஆள் இல்லை, அறிவிப்புச் சீட்டை விட்டுவிட்டுப் போகிறார்கள். தபாலகத்தில் பத்து நாள் கிடந்தால் கைக்குக் கிடைத்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆளே அங்கே இல்லை என்று தெரிந்தால் கடிதம் மாநகராட்சி அலுவலகத்தில் வைக்கப்படும். அதுவும் கொடுத்ததற்குச் சமம். பழைய பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் கையில் அகப்பட்ட சில உறைகளை மட்டும் ஒரு பையில் போட்டு வைத்திருந்தார். அண்ணைக்கு அது தெரியும். எடுத்து அனுப்பச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

அவருடைய பாக்கிப் பட்டியலை எடுத்துப் பார்த்தோம். சிசிலியில் முன்பு பாக்கி வசூலுக்குத் தனி நிறுவனம் இருந்தது. 2021 அக்டோபர் முதல் அந்த வேலை நாடு முழுவதுக்குமான வசூல் முகமையிடம் போனது. அதனால் பட்டியல் முழுவதும் ஒரே இடத்தில் கிடைத்தது, அந்த மட்டில் நல்லது. மொத்தம் 24,310 யூரோ. பெரும்பகுதி இன்ப்ஸ் பணமும் அதற்கான தண்டமும். அதோடு ஒரு வருட வருமான வரிப் பாக்கி, மூன்று போக்குவரத்து அபராதம், இன்னும் சில்லறைகள். தொகையைச் சொன்னதும், "நான் இருபது முப்பது மடங்கு பயந்துபோய் இருந்தனான்" என்றார். அதைச் சொல்லும்போது அவருடைய குரலே மாறியிருந்தது. இந்த வேலையில் நான் திரும்பத் திரும்பக் காண்பது இதுதான். தொகை தெரிந்த பிறகு ஆட்கள் நித்திரை கொள்கிறார்கள்.

அந்த வருடம்தான் ரொத்தமாத்சியோனே திறந்திருந்தது. பழைய காரை இரும்புக்குப் போடுவதற்கு இத்தாலியர்கள் சொல்லும் சொல் அது. வரிப் பாக்கிக்கான மன்னிப்புத் திட்டத்துக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது. 2016இல் முதல் தடவை வந்தது, இது நான்காவது. 2022 டிசம்பரில் நிறைவேறிய வரவு செலவுச் சட்டத்தில் இருந்தது. 2000 ஜனவரி 1 முதல் 2022 ஜூன் 30 வரை வசூலுக்கு ஒப்படைக்கப்பட்ட பாக்கிகளுக்குப் பொருந்தும். தண்டம் போய்விடும், வட்டி போய்விடும், வசூல் கூலி போய்விடும். அசலையும் கடிதம் அனுப்பிய செலவு, நடவடிக்கைச் செலவு ஆகியவற்றையும் கட்டினால் போதும். போக்குவரத்து அபராதத்தில் மட்டும் அபராதத் தொகை குறையாது, அதன் மேல் ஏறிய வட்டியும் கூடுதல் தொகைகளும்தான் போகும். இதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால் பிறகு சண்டை வரும்.

எங்கள் தொத்தோரேசா, அலுவலகத் தலைவியை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம், பட்டியலை வாங்கி முதலில் செய்தது கழிப்பதுதான். 2015 வரை ஒப்படைக்கப்பட்ட, 1,000 யூரோவுக்கு மேற்படாத அரசுப் பாக்கிகள் அதே சட்டத்தின்படி விண்ணப்பம் இல்லாமலே 2023 ஏப்ரல் 30 அன்று ரத்தாக இருந்தன. பழைய வருமான வரித் துண்டு ஒன்று அதில் அடங்கியது. அடுத்து இன்ப்ஸ் பாக்கி ஒவ்வொன்றுக்கும் கடைசியாக எப்போது கடிதம் போயிருக்கிறது என்று பார்த்தார். சமூகக் காப்புப் பணத்துக்குக் காலாவதி ஐந்து வருடம். இடையில் முறையான அறிவிப்பு ஒன்றும் போகவில்லை என்றால் கேட்கும் உரிமையே கேள்விக்குரியது. 2012க்கான ஒரு பாக்கி அப்படி இருந்தது, 1,700 யூரோ. அதை விண்ணப்பத்தில் சேர்க்காமல் விட்டுத் தனியாகக் கையாண்டார். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று நாமே தேர்ந்தெடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. மன்னிப்புத் திட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் அவசரத்தில் எல்லாக் கட்டத்திலும் சரி போட்டு அனுப்பிவிடுகிறார்கள். கட்டத் தேவையில்லாத காசையும் சேர்த்து ஒப்புக்கொண்டு கையெழுத்து வைக்கும் ஏழைகளைப் பார்க்க எனக்கு இன்றைக்கும் பொறுக்காது.

வெளிநாட்டில் இருப்பவருக்கு அடுத்த தடை அடையாளம். இணையத்தில் தன் கணக்குக்குள் நுழைய ஸ்பித் என்ற மின்னடையாளம் வேண்டும், அண்ணையிடம் அது இல்லை. ஸ்பித் இல்லாமலும் விண்ணப்பிக்க ஒரு வழி இருந்தது. படிவத்தை நிரப்பி, கடவுச்சீட்டுப் படத்தை இணைத்து அனுப்பினால், உறுதிசெய்யச் சொல்லி மின்னஞ்சலில் ஓர் இணைப்பு வரும். 72 மணி நேரத்துக்குள் அதை அழுத்தாவிட்டால் விண்ணப்பம் தானாக ரத்து. முதல் தடவை அது அவருடைய குப்பை அஞ்சலுக்குள் போய் விழுந்தது. இரவு வேலை முடிந்து பகலில் தூங்கி எழுந்து பார்ப்பதற்குள் மூன்று நாள் கடந்துவிட்டது. இரண்டாவது தடவை அவர் தொலைபேசியை வைக்காமல் இருக்க, நான் இங்கிருந்து அனுப்பினேன். மகள் பக்கத்தில் இருந்து தேடித் திறந்து அழுத்தினாள். அப்போது விண்ணப்பத் திகதியை ஏப்ரல் 30இலிருந்து ஜூன் 30க்குத் தள்ளியிருந்தார்கள். அந்த இரண்டு மாதம் இல்லாவிட்டால் எங்களுக்கு நேரம் போதியிருக்காது.

செப்டெம்பரில் பதில் வந்தது: 15,040 யூரோ. முதல் இரண்டு தவணை பத்துப் பத்து வீதம், மிச்சம் 2027 நவம்பர் வரை பதினாறு தவணை, வருடத்துக்கு இரண்டு வீத வட்டி. அண்ணை காசை அனுப்ப, பலெர்மோவில் இருக்கும் ஒரு நண்பர் தவணைச் சீட்டை எடுத்துக்கொண்டு போய்க் கட்டுவதாக ஏற்பாடு.

அதே வாரம் ஓர் அக்கா வந்தார். வீடுகள் துப்புரவாக்குபவர். அண்ணையைப் போலவே பழைய பாக்கி, ஆனால் அவர் ஓடவில்லை, பயந்து ஒளியவும் இல்லை. 2016இலேயே வந்து, சாதாரண முறையில் 72 மாதத் தவணை போட்டு, தண்டம், வட்டி எல்லாவற்றோடும் கட்டி, 2022இல் முடித்திருந்தார். "அப்ப நான் கட்டினதிலை ஏதும் திரும்ப வருமோ?" என்று கேட்டார். கட்டியது கட்டியதுதான், அதற்குத் திரும்பக் கொடுப்பது கிடையாது. அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் கோபப்படவில்லை. "சரி, எனக்கு நிம்மதி அப்பவே வந்திட்டுது" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. மன்னிப்புத் திட்டங்களை எதிர்ப்பவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஒழுங்காகக் கட்டியவருக்கு அவை ஒன்றும் தருவதில்லை. ஆனாலும் அண்ணையின் பட்டியலில் இருந்த தண்டங்கள் அவர் சம்பாதித்து ஒளித்த காசுக்கானவை இல்லை, ஒரு படிவம் கொடுக்காததற்கானவை. திட்டம் வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்த அக்காவின் கேள்விக்கும் இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

இனி என்னுடைய பிழைக்கு வருகிறேன். தவணைத் திகதி தாண்டினால் ஐந்து நாள் பொறுப்பார்கள். ஆறாவது நாள் திட்டமே முறியும். தண்டமும் வட்டியும் உயிர்பெற்று வரும், கட்டியது மொத்தக் கடனில் கழியும். இதை நான் அவரிடம் ஒரு தடவை சொல்லியிருந்தேன், ஒரே ஒரு தடவை. இதற்கிடையில் அரசு திகதிகளைத் தள்ளிக்கொண்டே வந்தது. ஆரம்பத் தவணைகளைத் தவறவிட்டவர்களுக்கு 2024 மார்ச் 15 வரை அவகாசம். ஜூலைத் தவணை செப்டெம்பர் 15க்குப் போனது. அண்ணை எல்லாவற்றையும் நேரத்துக்குக் கட்டிவந்தார், ஆனால் திகதி நெகிழும் என்ற எண்ணம் அவருக்குள் ஊறிவிட்டது. எனக்குள்ளும் ஊறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நவம்பரில் கூப்பிட்டு நினைவுபடுத்தியிருப்பேன்.

2024 நவம்பர் 30 சனிக்கிழமை. விடுமுறை நாட்கள், ஐந்து நாள் எல்லாம் கூட்டினால் கடைசி நாள் டிசம்பர் 9. கட்ட வேண்டிய நண்பர் அந்த வாரம் ஆஸ்பத்திரியில். வீட்டுக்கு வந்து 11ஆம் திகதி கட்டினார். இரண்டு நாள் தாமதம். ரசீதை அண்ணை எனக்கு அனுப்பி, "கட்டியாச்சு பிள்ளை" என்று எழுதியிருந்தார். திகதியைப் பார்த்தேன். பதில் எழுத எனக்கு ஒரு மணித்தியாலம் ஆனது.

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. தொத்தோரேசாவும் சொல்லவில்லை. ஆனால் ஒருவர் கடிதம் திறக்கப் பயந்து பத்து வருடம் ஒளிந்திருந்து, கடைசியில் நம்பி வந்த இடத்தில் திகதியைக் காப்பது என் வேலை. 2025 பெப்ரவரியில் வந்த சட்டம் அவரைக் காப்பாற்றியது. 2024 முடிவுக்குள் தவணை தவறி வெளியே விழுந்தவர்கள் ஏப்ரல் 30க்குள் விண்ணப்பித்தால் மறுபடி உள்ளே வரலாம். விண்ணப்பம் திறந்த முதல் வாரத்திலேயே அவருடையதை அனுப்பினேன். மிச்சம் பத்துச் சமதவணை, ஒவ்வொன்றும் 900 யூரோவுக்குச் சற்று மேல், 2025 ஜூலை 31இல் தொடங்கி 2027 நவம்பர் 30 வரை. இப்போது என் மேசைக்கு மேலே ஒரு நாட்காட்டி தொங்குகிறது. தவணை உள்ள ஒவ்வொருவருக்கும் சட்டத் திகதிக்குப் பத்து நாள் முந்திய நாளைத்தான் அதில் எழுதுகிறேன். ஐந்து நாள் அவகாசம் என்று ஒன்று இருப்பதையே நான் யாருக்கும் சொல்வதில்லை. அது சரியா என்று சிலர் கேட்கலாம். நான் சரி என்றுதான் நினைக்கிறேன்.

சென்ற செப்டெம்பரில் அண்ணை வந்தார். நான்காம் திகதி சாந்தா ரொசாலியா திருநாள். மொன்தே பெல்லெக்ரீனோ மலைக்கு ஏறிக் குகைக் கோவிலில் மெழுகுதிரி கொளுத்துவது இங்குள்ள எங்கள் ஆட்களுக்குச் சைவம், கத்தோலிக்கம் என்ற பேதமில்லாத வழக்கம். அதற்கு முதல் நாள் மனைவியோடு அலுவலகத்துக்கு வந்து, பக்கத்து வீட்டு அம்மாவிடம் வாங்கிய பையை மேசையில் வைத்தார். இருபத்திமூன்று உறை, ஒன்றுகூடத் திறக்கவில்லை. "நீர் திறவும், நான் பாக்கிறன்" என்றார். ஒவ்வொன்றாகத் திறந்தேன். பெரும்பாலானவை பட்டியலில் ஏற்கெனவே இருந்தவை. 2015இல் வர்த்தகச் சபையிலிருந்து வந்த ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. வியாபாரம் இன்னும் நடக்கிறதா, இல்லையென்றால் தெரிவிக்கவும் என்று அரைப் பக்கத்தில் கேட்டிருந்தது. வாசித்து மொழிபெயர்த்தேன். அவர் மனைவி அந்தத் தாளை வாங்கி, இத்தாலிய மொழியில் இருந்ததை எழுத்துக் கூட்டித் தானும் ஒரு தடவை வாசித்தார். ஒருவரும் ஒன்றும் பேசவில்லை.

பிறகு அண்ணை, "அடுத்தது எப்ப?" என்று கேட்டார். நவம்பர் 20 என்றேன். கைத்தொலைபேசியை எடுத்துக் குறித்துக்கொண்டார், மகளின் பெயரையும் அதில் சேர்த்து.