வஞ்சிரத்தின் விலைக்கோடு

பெரியம்மா காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்துத் தண்டையார்பேட்டையில் விற்கிறார். எந்தக் கூடையை என்ன விலைக்கு எடுத்தார், ஐஸுக்கு எவ்வளவு, ஆட்டோ கூலி எவ்வளவு என்று அன்றன்றைக்கு நோட்டில் எழுதி வைப்பது அவர் வழக்கம். ஓராண்டு நோட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, இந்த விலைகளைக் கைப்பேசியில் கோடாகக் காட்டினால் என்ன என்று எனக்குத் தோன்றியது. கைப்பேசிச் செயலிகள் எழுத உதவும் ஃப்ளட்டரில் ஓரளவு பழக்கம் உண்டு. கோடு போட எஃப்எல் சார்ட் என்ற லைப்ரரி, அதாவது பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல், இருக்கிறது. இரண்டு இரவு வேலை என்று கணக்குப் போட்டேன். மூன்று வாரம் ஆனது. அதில் வரைபடத்தோடு செலவிட்ட நேரம் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் பப்ஸ்பெக் என்ற ஒரு சிறிய கோப்போடு மல்லுக்கட்டியதில் போயிற்று.

செயலிக்கு என்னென்ன பேக்கேஜ் (இப்படி வெளியிலிருந்து எடுத்துச் சேர்க்கும் நிரல் தொகுப்பு), என்னென்ன படம், எந்த எழுத்துரு வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் மளிகைச் சீட்டுதான் பப்ஸ்பெக். யாமல் என்ற எழுத்து வடிவத்தில் இருக்கும். எது எதற்குக் கீழே வருகிறது என்பதை வரியின் முன்னால் விடும் இடைவெளியை வைத்தே அது புரிந்துகொள்ளும். டேப் விசையை அழுத்தி இடம் விட்டால் உடனே பிழை காட்டும். அந்தப் பிழை எனக்குப் பிடித்த வகை. எந்த வரி என்று சொல்லிவிடுகிறது, திருத்திவிட்டுப் போய்விடலாம்.

முதல் இடறல் பழைய பாடக் குறிப்பு ஒன்றால் வந்தது. லைப்ரரியைச் சேர்க்கும் கட்டளையைக் கொடுத்தேன், புதிய பதிப்பு வந்து உட்கார்ந்தது. குறிப்பில் இருந்த நிரலோ பழையது. கோட்டைத் தொட்டால் வரும் சிறு பெட்டிக்கு நிறம் தரும் 'டூல்டிப் பிஜி கலர்' 0.67 பதிப்பிலேயே போய், அந்த இடத்தில் 'கெட் டூல்டிப் கலர்' வந்திருக்கிறது. வரைபடத்தின் ஓர அச்சுக் கோட்டில் எழுதும் எழுத்துக்குத் தர வேண்டிய 'ஆக்ஸிஸ் சைட்' 0.70 பதிப்பில் 'மெட்டா' ஆகிவிட்டது. பழைய பதிப்புக்கே இறங்கிவிடலாமா என்று ஒரு சபலம்.

இறங்கியும் பார்த்தேன். அப்போதுதான் பதிப்பு எண்ணுக்கு முன்னால் போடும் தொப்பிக் குறியின் (^) குணம் புரிந்தது. தொப்பி போட்டு 1.2.0 என்று எழுதினால், 2.0.0 வருவதற்கு முந்தைய எதை வேண்டுமானாலும் அது எடுத்துக்கொள்ளும். எண் பூஜ்யத்தில் தொடங்கினால் கணக்கு வேறு. தொப்பி போட்ட 0.66.0 என்றால் 0.67.0 வரை கூடப் போகாது. பூஜ்யத்தில் இருக்கும் லைப்ரரி இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது, ஒவ்வொரு நடு எண்ணும் எதையாவது உடைக்கலாம் என்ற எச்சரிக்கை அது. நியாயம்தான். தண்டையார்பேட்டையிலிருந்து கிண்டி வரை மெட்ரோவில் போகும்போது மாற்றப் பட்டியலை வரிவரியாகப் படித்துவிட்டு, புதிய பதிப்பையே வைத்துக்கொண்டேன். கடைசியில் மாற்ற வேண்டியிருந்தது நான்கே வரி.

அடுத்தது ஐ-என்-டி-எல் என்ற நான்கெழுத்துப் பேக்கேஜ். தேதியையும் பணத்தையும் தமிழ்நாட்டு வழக்கப்படி, லட்சத்துக்கு 1,00,000 என்று காற்புள்ளி போட்டுக் காட்ட அது தேவை. பொத்தான்களும் நாட்காட்டியும் தமிழில் வர ஃப்ளட்டரோடு வரும் மொழிப் பேக்கேஜையும் சேர்த்தேன். இரண்டும் சேர்ந்ததும் 'வெர்ஷன் சால்விங் ஃபெயில்டு' என்று திரை நிறையச் சிவப்பு எழுத்து. மொழிப் பேக்கேஜ் ஐ-என்-டி-எல்லில் ஒரே ஒரு பதிப்பைத்தான் ஏற்கும், நான் கேட்டிருந்தது வேறு. எண்களை மாற்றி மாற்றிப் போட்டு ஒரு ராத்திரியைத் தொலைத்தேன். தீர்வு ஒரே சொல்: எண்ணுக்குப் பதிலாக 'எனி' என்று எழுதிவிட்டால், ஃப்ளட்டர் எதை வைத்திருக்கிறதோ அதையே எடுத்துக்கொள்கிறது. பிழைச் செய்தியை முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்திருந்தால் இது அப்போதே தெரிந்திருக்கும். சிவப்பைக் கண்டால் படிக்காமல் கடைசி வரிக்கு ஓடும் கெட்ட பழக்கம் எனக்கு.

இதுவரை வந்தவை சத்தம் போட்ட பிழைகள். படங்களையும் எழுத்துருவையும் சேர்க்கத் தொடங்கிய பிறகுதான் ஊமைப் பிழைகள் வந்தன.

ஒவ்வொரு மீனுக்கும் ஒரு சின்னப் படம் வரைந்து 'மீன்' என்ற கோப்புறையில் வைத்து, பப்ஸ்பெக்கில் அசெட்ஸ் (செயலியோடு சேர்த்து அனுப்பும் கோப்புகள்) என்ற தலைப்பின் கீழ் எழுதினேன். ஒரு படம்கூட வரவில்லை. பேக்கேஜ்களை எடுக்கும் கட்டளை எந்த முறைப்பாடும் இல்லாமல் முடிந்தது. அரை நாள் கழித்துப் பார்த்தால், அசெட்ஸ் என்ற சொல் ஃப்ளட்டர் என்ற தலைப்புக்குள் இரண்டு இடைவெளி தள்ளி இருப்பதற்குப் பதிலாக வரியின் தொடக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அது தனக்குத் தெரியாத தலைப்பு என்று ஃப்ளட்டர் பேசாமல் தாண்டிப் போயிருக்கிறது. சரிசெய்ததும் வஞ்சிரம், சங்கரா, வவ்வால், நெத்திலி எல்லாம் வந்துவிட்டன. கருவாட்டுப் படங்கள் மட்டும் இல்லை. அவற்றை உள்ளே தனிக் கோப்புறையில் போட்டிருந்தேன். கோப்புறையின் பெயரை எழுதிக் கடைசியில் சாய்கோடு போட்டால், நேராக அதற்குள் இருக்கும் கோப்புகள் மட்டுமே சேரும்; உட்கோப்புறைக்குத் தனி வரி வேண்டும்.

எழுத்துரு இன்னும் மோசம். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை இறக்கிச் சேர்த்தேன். திறந்த உரிமத்தில் கிடைப்பது, யாரும் செயலியோடு சேர்த்துக் கொடுக்கலாம். செயலி ஓடியது, தமிழும் தெரிந்தது, ஆனால் அது கைப்பேசியின் சொந்த எழுத்து. பப்ஸ்பெக்கில் எழுத்துருவின் பெயரை இடைவெளி விட்டும் நிரலில் இடைவெளி இல்லாமலும் எழுதியிருந்தேன். பெயர் பொருந்தாவிட்டால் ஃப்ளட்டர் பிழை எதுவும் தராது, கையில் இருப்பதைப் போட்டு ஒப்பேற்றிவிடும். பெயரைத் திருத்திய பிறகும் ஓடிக்கொண்டிருந்த செயலியில் மாற்றம் தெரியவில்லை. முழுவதும் நிறுத்திவிட்டு மீண்டும் ஓட்ட வேண்டியிருந்தது.

எழுத்துரு வந்ததும் கானாங்கெளுத்தி பாதியில் வெட்டுப்பட்டு நின்றது. அச்சில் எழுத்துக்கு லைப்ரரி தானாக ஒதுக்கும் இடம் 22 அலகு. தமிழ் மீன் பெயருக்கு அது எந்த மூலைக்கு? 'ரிசர்வ்டு சைஸ்' என்ற இடத்தில் இரட்டிப்புக்கு மேல் கொடுத்த பிறகே முழுப் பெயரும் தெரிந்தது.

பெரியம்மாவின் மகள், என் தங்கை, கல்லூரியில் லினக்ஸ் மடிக்கணினி வைத்திருக்கிறாள். அவளிடம் கொடுத்தபோது செயலி உருவாகவே இல்லை. வஞ்சிரத்தின் படக் கோப்புக்கு முதல் ஆங்கில எழுத்தைப் பெரியதாக வைத்துவிட்டு, பப்ஸ்பெக்கில் சிறியதாக எழுதியிருந்தேன். என் விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகப் பார்த்தது, அவள் லினக்ஸ் பார்க்கவில்லை. "அண்ணா, பெயர் வைப்பதற்கு முன்பே ஒரு முடிவுக்கு வரக் கூடாதா?" என்றாள். அன்றிலிருந்து எல்லாக் கோப்புக்கும் சிறிய எழுத்துதான்.

பழைய நோட்டு விலைகளை, காற்புள்ளியால் பிரித்து எழுதும் ஒரு சிஎஸ்வி கோப்பாகத் தட்டச்சு செய்து அதையும் அசெட்டாக வைத்திருந்தேன். புதிய விலையை அதிலேயே எழுத முயன்றது என் அசட்டுத்தனம். அசெட் என்பது செயலிக்குள் சீல் வைத்த பொட்டலம். படிக்கலாம், எழுத முடியாது. செயலியை முதல் முறை திறக்கும்போது அதைப் படித்துக் கைப்பேசியில் எஸ்க்யூலைட் என்ற சிறிய தரவுத்தளத்தில் ஊற்றிவிட்டு, பிறகு அங்கேயே எழுதுமாறு மாற்றினேன்.

எல்லாம் முடிந்தது என்று பெரியம்மாவிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடு வரை ஓடிய சாய்ந்த கோட்டில் விரலை வைத்தார்.

"இந்த இரண்டு மாதமும் நான் வஞ்சிரம் எடுக்கவே இல்லையே. விலை எங்கிருந்துடா வந்தது?"

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். நோட்டிலும் அந்த நாட்களில் வஞ்சிரம் இல்லை. லைப்ரரிக்கு இதெல்லாம் தெரியுமா? தேதியை அது எண்ணாகத்தான் பார்க்கிறது. முதல் புள்ளியையும் அடுத்த புள்ளியையும் கிடைத்த வழியில் இணைத்துவிட்டது. பூஜ்யம் போட்டால் மீன் சும்மா கிடைத்தது என்று அர்த்தமாகிவிடும். கோட்டை அறுக்க 'நல் ஸ்பாட்' என்று ஒரு வெற்றுப் புள்ளியை லைப்ரரியே வைத்திருக்கிறது. தடைக்காலத்துக்குள் அதைச் செருகியதும் கோடு அங்கே நின்று, ஜூனில் மறுபடி தொடங்கியது.

பெரியம்மா நோட்டை விடவில்லை. ஈரக் கையால் தொட்டால் திரை சொன்னபடி கேட்பதில்லை என்கிறார், அதுவும் உண்மைதான். ஏலம் முடிந்து வந்து அவர் எழுதுகிறார், நான் ஞாயிறு இரவில் உட்கார்ந்து ஏற்றுகிறேன். போன வாரம் சங்கராவின் படத்தைப் பார்த்துவிட்டு, வால் இப்படி இருக்காது என்று சொல்லியிருக்கிறார். அதை மறுபடி வரைய வேண்டும்.