மூலையில் இருக்கும் சின்ன எழுத்து

விமான மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்க்கும் ஏவியானிக்ஸ் பிரிவில் சேர்ந்த புதிதில், செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தின் ஸ்நாக், அதாவது விமானி எழுதித் தரும் பழுதுக் குறிப்பு, என் கைக்கு வந்தது. 'விஓஆர் வேலை செய்யவில்லை' என்று எழுதியிருந்தார். தரை நிலையத்தின் ரேடியோ சிக்னலை வைத்து வழி காட்டும் அமைப்புதான் விஓஆர். பேனலில் இருந்தது கார்மின் ஜிஎன்எஸ் 430, ஜிபிஎஸ்ஸும் விஓஆரும் ஒரே பெட்டியில். பெட்டியை உருவி, கனெக்டரைத் துடைத்து, திரும்ப மாட்டி, சோதனைக் கருவியிலிருந்து சிக்னல் கொடுத்துப் பார்த்தேன். பாதையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறோம் என்று காட்டும் முள் அசையவில்லை, நம்பத் தகுந்த சிக்னல் இல்லை என்று சொல்லும் சிவப்புக் கொடியும் விலகவில்லை. மத்தியானம் வரை வயரிங் படத்தோடு மல்லுக்கட்டினேன்.

சீனியர் வந்தார். "ஆன் பண்ணினப்ப முள் எங்கே போச்சு தம்பி?"

எனக்கு எப்படித் தெரியும்? ஆன் செய்ததும் வரிசையாக வரும் பக்கங்களை 'என்டர்' தட்டித் தாண்டிவிடுவதுதான் என் வழக்கம். அணைத்துவிட்டு அவரே மறுபடி ஆன் செய்தார். சுய சோதனைப் பக்கம் வந்ததும் கொடி மறைந்தது. முள் இடப்பக்கம் பாதி தூரம் போய் நின்றது.

"வயர் நல்லா இருக்கு. இப்ப அந்த மூலையைப் படி."

திரையின் கீழே, இடது மூலையில் 'ஜிபிஎஸ்' என்று இருந்தது. முள்ளுக்கு எங்கிருந்து தகவல் போக வேண்டும் என்று மாற்றும் சிடிஐ பொத்தானை ஒரு தட்டு தட்டினார். அது 'விஎல்ஓசி' ஆனது, அதாவது விஓஆர் பக்கம். முள் சிக்னலுக்கு ஆட ஆரம்பித்தது. முள் ஒன்றுதான், அதற்கு எஜமானர்கள் இரண்டு பேர். யார் சொல்லி ஆடுகிறது என்பதைச் சொல்ல இருப்பது அந்தச் சின்ன எழுத்து மட்டும்தான்.

அதே மூலையில் இன்னொரு சின்ன எழுத்தும் உண்டு, பயணம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்ல. நெடுவழியில் 'இஎன்ஆர்', போய்ச் சேரும் இடத்துக்கு 30 கடல் மைலுக்குள் வந்தால் 'டெர்ம்', இறங்கும் கட்டத்தில் 'ஏபிஆர்'. பழைய 430-இல், ஜிபிஎஸ் சொல்லி ஆடும்போது, முள்ளின் முழு வீச்சு முதலில் 5 கடல் மைல், அப்புறம் 1, கடைசியில் 0.3. அதாவது முள் பாதி விலகி நின்றால், நெடுவழியில் நாலரை கிலோமீட்டர் தள்ளிப் போகிறோம். இறங்கும்போது வெறும் 280 மீட்டர். முள்ளைப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்! பயிற்சிக்கு வருபவர்களுக்கு வரைபடப் பக்கம்தான் பிடிக்கும், வண்ணமாக இருக்கும். நான் இந்த மூலையை முதலில் காட்டுவேன்.

செயற்கைக்கோள் பக்கம் எளிது. ஹேங்கரை விட்டு வண்டியை வெளியே தள்ளியதும், செயற்கைக்கோள்களின் சிக்னல் பலத்தைக் காட்டும் பட்டைகள் எழும். உள்ளே வெறுமையாக இருந்தால் தகவல் சேகரித்துக்கொண்டிருக்கிறது, நிரம்பியிருந்தால் பயன்படுத்துகிறது. அவ்வளவுதான்.

போன மழைக்காலத்தில் ஒரு மாணவர் பறந்துவிட்டு நேராக என்னிடம் வந்தார். "சார், திசைகாட்டி 090-னு காட்டுது, ஜிபிஎஸ்ல டிராக், அதான் போற திசை, 082. எது கெட்டுப்போச்சு?"

"வலப்பக்கத்திலேருந்து காத்து அடிச்சுதா?"

"ஆமா சார், நல்லாவே."

மூக்கு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது ஜிபிஎஸ்ஸுக்குத் தெரியாது. தரைமேல் எந்தப் பக்கம் நகர்கிறோம் என்பதுதான் தெரியும். இரண்டும் சரி, நடுவில் இருக்கும் எட்டு டிகிரி காற்று தள்ளியது என்றேன். ஸ்நாக் எழுதத் திறந்து வைத்திருந்த பேனாவை அவர் மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.