ஏற்காடு எஸ்டேட்டில் காபி ருசியும் ராத்திரி விருந்தும்

டாக்ஸி விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், கோபம் இன்னும் ஆறவில்லை. ஏற்காடு ஒண்டிக்கடையில் இறங்கி, நாகலூர் பக்கம் ஒரு எஸ்டேட்டுக்குப் போகணும் என்றதும் 800 ரூபாய் கேட்டார் ஒருவர். தூரம் ஆறேழு கிலோமீட்டர்தான். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏறி வந்த பஸ்ஸுக்குச் சில்லறைதான் செலவானது, இங்கே 800! "ரோடு சரியில்லைங்கண்ணா, திரும்பி வெறும் வண்டியாத்தான் வரணும்" என்றார். பேசிப் பேசி 600-க்கு இறங்கினார். ரோடு நன்றாகவே இருந்தது. சனிக்கிழமை, பொங்கல் முடிந்த கூட்டம், அதுதான் காரணம், வேறொன்றும் இல்லை. ஸ்டாண்டில் எந்த ஊருக்கு எவ்வளவு என்று ஒரு போர்டு வைத்தால் என்ன குறைந்துவிடும்?

சரி, காபிக்கு வருவோம். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் சில எஸ்டேட்காரர்கள் சேர்ந்து தங்கள் காபியை ருசி பார்க்கவைத்து, ராத்திரி அங்கேயே சாப்பாடும் போட்டார்கள். தலைக்கு 1,500 ரூபாய். காபி குடிக்க இவ்வளவா என்று வீட்டில் கேட்டார்கள், எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. இப்போது சொல்கிறேன், கொடுத்த காசு தகும்.

முதலில் களத்துக்குக் கூட்டிப்போனார்கள். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்க, அடியில் காபிச் செடி, பறிப்பு முடிகிற நேரம். அமைப்பாளர் ஒருவர் ஒரு மணி நேரம் முழுக்க ஆங்கிலத்திலேயே பேசினார், வந்தவர்களில் பாதிப்பேர் சேலம், ஆத்தூர்க்காரர்கள், எதற்கு அது? களத்தில் கொட்டை கிளறிக்கொண்டிருந்த அக்காவிடம் கேட்டுத்தான் எல்லாம் புரிந்தது. பழத்தோலை உரித்து, வழவழப்பு போக ஊறவைத்துக் கழுவிக் காயவைப்பது ஒரு வகை. பழத்தோடு அப்படியே இரண்டு மூன்று வாரம் காயவைப்பது இன்னொன்று. "பழத்தோட காயறதை நாளுக்கு நாலஞ்சு தடவை கிளறணும் சார், விட்டா பூஞ்சை புடிச்சிரும்" என்றார். அந்த ஒரு வரியில் இருந்த விவரம் மேடைப் பேச்சு முழுக்க இல்லை.

அப்புறம் ருசி பார்த்தல். நீள மேசையில் வரிசையாகக் கண்ணாடிக் கிளாஸ். 150 மில்லிக்கு எட்டேகால் கிராம் தூள், அதன்மேல் 93 டிகிரி வெந்நீர். ஃபில்டரும் இல்லை, பாலும் இல்லை. நான்கு நிமிடம் கழித்து மேலே கட்டிய நுரைத் தூளைக் கரண்டியால் விலக்கும்போது மூக்கைக் கிட்டே கொண்டுபோகணும். அந்த வாசனைக்காகவே இன்னொரு தடவை மலை ஏறலாம்! சூடு தணிந்ததும் கரண்டியில் எடுத்துச் சர்ரென்று சத்தம் வர உறிஞ்சணும், அப்போதுதான் காற்றும் சேர்ந்து நாக்கு முழுக்கப் பரவும். ஆரம்பத்தில் எல்லோரும் கூச்சப்பட்டு மெல்லக் குடித்தார்கள், பத்து நிமிடத்தில் கூடமே உறிஞ்சியது.

கழுவிக் காயவைத்த அரபிகா வகைக் காபியில் எலுமிச்சைத் தோல் மாதிரி ஒரு புளிப்பு, கசப்பு ரொம்பக் குறைவு. அது எஸ்.795 என்ற பழைய ரகம், நம் நாட்டிலேயே உருவாக்கியது. பழத்தோடு காயவைத்ததில் பலாச்சுளை வாசனை அடித்தது, நான் மிகைப்படுத்தவில்லை, பக்கத்தில் இருந்த அம்மாப்பேட்டைப் பெரியவரும் அதையேதான் சொன்னார். பால் இல்லாமல் எப்படிங்க குடிப்பது என்று முதலில் முகம் சுளித்தவர் அவர், அதே கிளாஸுக்கு மூன்று தடவை திரும்பி வந்தார். கடைசியில் வைத்த ரோபஸ்டா என்ற இன்னொரு வகைக் காபி மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை, கருக வறுத்திருந்தார்கள்.

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலையில் காபியைக் கொண்டுவந்து வைத்தார். இருநூறு வருஷமாக இங்கே விளைகிறது. ஆனால் மறுநாள் ஏரிக்கரையில் நான் கேட்ட எந்தக் கடையிலும் இந்த மலைக் காபி இல்லை, இன்ஸ்டன்ட் தூளைக் கலக்கி 40 ரூபாய் வாங்குகிறார்கள். கடைத் தூளிலோ சிக்கரி பாதி வரைக்கும் இருக்கலாம், காபி 51 சதவீதம் இருந்தாலே சட்டத்துக்குப் போதும். கீழே சேலத்தில் இருக்கும் நமக்கு நம் மலைக் காபியின் ருசி தெரியாமலே போகிறது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

விருந்து! சாமைச் சோறு, பச்சை மொச்சைக் குழம்பு, எஸ்டேட் மிளகையே இடித்துப்போட்ட நாட்டுக்கோழி வறுவல். குளிரில் அந்த வறுவலின் காரம் காது வரைக்கும் ஏறியது. மொச்சைக் குழம்புக்கு இரண்டு முறை எழுந்துபோனேன். காபித்தூள் தடவிச் சுட்ட பன்னீர் என்று ஒன்று வைத்தார்கள், வேண்டாத வேலை, தட்டு தட்டாகத் திரும்பியது. கடைசியில் வெல்லப் பணியாரமும் சூடாகக் கறுப்புக் காபியும், இந்த ஜோடியை யார் யோசித்தார்களோ, அவர்களுக்கு ஒரு கும்பிடு.

திரும்பும்போது ஆத்தூர்க் குடும்பம் ஒன்று காரில் ஒண்டிக்கடை வரை இறக்கிவிட்டது, இன்னொரு 600 மிச்சம். ரூமுக்கு 1,400, வெந்நீர் காலை ஒரு மணி நேரம் மட்டும். பழத்தோடு காயவைத்த காபி கால் கிலோ 350-க்கு வாங்கினேன். எல்லாம் சேர்த்து நாலாயிரத்தைத் தொட்டது, மாதக் கடைசிக்குக் கொஞ்சம் கனம்தான்.

போக நினைப்பவர்கள் பறிப்புக் காலமான நவம்பர் முதல் ஜனவரிக்குள் பாருங்கள். பணம் கட்டும் முன் ஒண்டிக்கடையிலிருந்து வண்டி அனுப்புவார்களா என்று கேளுங்கள். தூள் வாங்கினால் வறுத்த தேதி பார்த்து வாங்குங்கள், முடிந்தால் கொட்டையாகவே வாங்கி வீட்டில் அரைத்துக்கொள்ளுங்கள். ஸ்வெட்டர் கட்டாயம்.